டோலி தூக்கியவரின் நெஞ்சு

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றுகூட சோடை போகவில்லை. எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். ஆனாலும் இது என் கையால் எழுதியது.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அதிகாரிகள் வந்தால் நாற்காலியை மூங்கிலில் கட்டி, உட்காரவைத்து, நான்கு பேர் அடிவாரத்திலிருந்து தூக்கி வருவார்கள். அதுதான் டோலி. என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் முன்பே டோலி தூக்கியவர். எங்களுக்குக் கல்யாணமானபோது அவருக்கு இருபது வயது இருக்கும். எங்கள் ஆலத்தூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்) அவரைப்போல மலையேற ஆள் இல்லை. நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கூட ஏறியவர்கள் சொன்னது.

அந்த வருஷம் அம்மை குத்த ஒரு டாக்டர் வந்தார். டோலியை எங்கள் வாசலில்தான் இறக்கினார்கள். மற்ற மூன்று பேரும் மண்ணில் சாய்ந்து இரைத்துக் கிடக்க, என் வீட்டுக்காரர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். டாக்டருக்கு அது வேடிக்கையாக இருந்தது. காதுக்குழாயை எடுத்து இவர் நெஞ்சில் வைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி வைத்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்ப்பா, மயக்கம் வருமா?"

"இல்லீங்களே."

"இப்பத்தான் மலையேறி வந்திருக்கே. அதுக்குள்ள நெஞ்சு இவ்வளவு மெதுவா அடிக்குது. இது நல்லதில்ல. நான் திரும்பி வர்ற வரைக்கும் எதையும் தூக்காதே."

எனக்குப் பகீரென்றது. அன்றிலிருந்து ஒரு கையை என் நெஞ்சிலும் இன்னொரு கையை அவர் நெஞ்சிலும் வைத்துப் பார்ப்பதே வேலையாயிற்று. என்னுடையது இரண்டு அடிப்பதற்குள் அவருடையது ஒன்றுதான் அடிக்கும். அடுத்தது வருமோ வராதோ என்று காத்துக் கிடப்பேன்.

"ராகி அரைக்க ஒருத்தி வந்தான்னு பாத்தா, இவ புருசன் நெஞ்சைத் தடவிக்கிட்டே உக்காந்திருக்கறா" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார்.

"பசிச்சா மெதுவா அடிக்குமாட்ட இருக்குது. போய்ச் சோறாக்கு" என்பார் இவர்.

மழைக்காலம் முழுக்க அவர் ஒரு சுமை தொடவில்லை. வீட்டிலேயே படுத்துக் கிடந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு வேகம் பிடித்தது. ஒருநாள் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே அடித்தது. மாமியார் சாமிக்குக் கோழி அறுத்தார்.

அறுவடைக்குப் பிறகு டாக்டர் திரும்ப வந்தார். குழாய் வைத்துக் கேட்டு, "நல்லாயிடுச்சு, இனிமே தூக்கலாம்" என்றார். அன்றே டாக்டரை டோலியில் வைத்து இவரும் மற்றவர்களும் குண்டனி நாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன். முதல் ஏற்றத்திலேயே இவர் டோலியை இறக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு உரலில் குத்துவதுபோல் அடித்தது. நின்று வெகுநேரமாகியும் அடங்கவில்லை.

"நெஞ்சு தேறிருச்சு, காலு கெட்டுப்போச்சாடா?" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

சேதி கேட்டு என் அப்பா வந்தார். எங்கள் மலையில் மாப்பிள்ளை வீட்டார் பரியப் பணம் கொடுத்துத்தான் பெண் எடுப்பார்கள். ஒத்துவராவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண் கிளம்பிவிடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

"மெதுவா அடிச்சாலும் சீக்குங்கறாங்க. வேகமா அடிச்சா எந்திரிக்கவே மாட்டேங்கறான். பரியத்தைக் குடுத்தர்றேன், வா கண்ணு" என்றார் அப்பா. என் வீட்டுக்காரர் பக்கத்திலேதான் இருந்தார். கயிறு திரிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"எது சீக்கு, எது சொகம்னே எனக்குத் தெரியலீங்க. அது தெரியட்டும், அப்பறம் வாரேன்" என்றேன்.

"அது எப்பத் தெரியும்?"

"அதும் தெரியலீங்க."

அப்பா சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுநாள் இவர் மிளகு மூட்டையைத் தூக்கினார். நான் தடுக்கவில்லை. நாளுக்கு நாள் மலை ஏற ஏற இரைப்பு குறைந்தது. நெஞ்சும் பழையபடி மெதுவாயிற்று. மெதுவாக அடித்தால் பயமாக இருந்தது, வேகமாக அடித்தால் இன்னும் பயமாக இருந்தது. எதைக் கேட்டு நான் நிம்மதியாவது? பிள்ளைகள் ஆறையும் தோளில் வைத்து மலையேற்றினார் அந்த மனிதர். எனக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் தெளியவில்லை. தெளியாததால் நானும் கிளம்பவில்லை.

எழுதி முடித்ததும் பேத்தியிடம் நீட்டினேன். "கண்ணு, இதைக் கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டு சாமி. எங்கயாவது எனக்குப் புரிஞ்சாப்பல எழுதியிருந்தா சொல்லு, அடிச்சுப் போடலாம்."