கிணற்றுத் தண்ணீரில் விட்ட விரால்

விராலின் சேற்று வாடை போகாது என்பவர்கள் அவசரக்காரர்கள். உயிரோடு பிடித்த மீனைக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு நாள் விட்டு, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினால் சேறெல்லாம் போய்விடும். வவுணதீவில் எங்கள் வயல் வட்டையைக் கடந்து வாவிக்குப் போகும் வாய்க்காலில் என் கணவர் பிடித்து வருவதை அப்படித்தான் சமைப்பேன். நான் முழுகாமல் இருந்த நாட்களில் இது இன்னும் ஒழுங்காக நடந்தது. மீனின் சினையை எனக்கென்றே எடுத்து வைப்போம். பல வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. மீன் தின்னு, பிள்ளை தேறும் என்று சொல்லாத ஆள் இல்லை.

என் தங்கச்சி டவுனில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். வாவி மீனுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. சனிக்கிழமைகளில் மகளோடு வருவாள். நான் பாரம் தூக்கக் கூடாது என்று அவளே தண்ணீர் அள்ளி, விரால் கிடக்கும் பேசினை நிரப்புவாள். சாப்பிட இருந்தால் மட்டும் தாய்க்கும் மகளுக்கும் பருப்பும் முட்டையும்தான். டவுன் வயிறு என்று கேலி செய்வேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏழாம் மாதத்தில் ஒரு மத்தியானம், அவளுடைய மகள் என் தட்டிலிருந்த சினைக்குக் கை நீட்டினாள். தங்கச்சி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“அது வேணாம் மகள்.”

“தின்னட்டும் புள்ள, எனக்கு இவ்வளவு காணும்,” என்றேன்.

“வேணாம் அக்கா.”

அவள் முகம் செத்துப்போயிருந்தது. விடாமல் கேட்டேன். மெல்ல மெல்லச் சொன்னாள். வயலுக்கு அடிக்கும் மருந்து வாய்க்கால் வழியாகத்தான் வாவிக்குப் போகிறது; டவுன் கழிவும் அங்கேதான் சேர்கிறது. மீன் அதைச் செவுளாலும் இரையோடும் உள்ளே எடுக்கிறது. ஈரல் கொஞ்சத்தை உடைத்து வெளியே தள்ளும். மிச்சம் கொழுப்பிலும் சினையிலும் தங்கிவிடும். அது உடம்பின் ஓமோன்களைக் குழப்புமாம். ஆண் மீனுக்குள் முட்டை கண்டிருக்கிறாளாம்.

“நான் தண்ணி மாத்துறனே?”

“சேறு போகும் அக்கா. இது லேசில போகாது.”

“தெரிஞ்சுகொண்டா எனக்குத் தண்ணி அள்ளித் தந்த நீ?”

“சோதனை முடிவு இன்னும் வரல்ல அக்கா. அதுவரைக்கும் வெளியில சொல்லக்கூடாதெண்டு மேல இருக்கிறவங்க சொன்னவங்க.”

வெளியிலாம். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

“உன்ட மகளுக்கு மட்டும் முடிவு வந்திட்டுதா?” என்று கேட்டேன்.

பிள்ளையின் விரலில் கொஞ்சம் குழம்பு பட்டிருந்தது. தங்கச்சி அதைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்த விரலைத் துடைத்தால் போதும். நான் ஏழு மாதம் தின்றிருந்தேன்.