முழு பவரில் ஐந்து பெட்டிகள்

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில் இருந்த டயாலிசிஸ் மையத்துக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை போனேன். வைஃபை பொருத்திப் பராமரிக்கும் எங்கள் அலுவலகம் ஸ்ரீ கெம்பாங்கானில். ஒவ்வொரு முறையும் நெடுஞ்சாலை நெரிசலில் காலைப்பொழுதே தொலைந்தது.

முதல் புகார் எனக்குப் பழகியதுதான். நோயாளிகள் நான்கு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருப்பார்கள், கைப்பேசிதான் துணை. அதில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் வீடியோ அழைப்பு அறுந்துகொண்டே இருந்தது. கூரையில் ஐந்து வைஃபை பெட்டிகள், ஐந்தும் முழு பவரில். பெட்டி கத்துவது கைப்பேசிக்குக் கேட்கும். கைப்பேசியின் மெல்லிய குரல் பெட்டிக்கு எட்டாது. தலைக்கு மேலேயே ஒரு பெட்டி இருக்க, வாசலில் நுழைந்தபோது பிடித்த பெட்டியையே கைப்பேசி விடாமல் பற்றியிருக்கும். ஐந்தின் பவரையும் வெகுவாகக் குறைத்தேன். கூடம் முழுக்கப் பேசியபடி நடந்து பார்த்தேன். அழைப்பு அறவில்லை. கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அதே புகார். போய் மையத்தின் கணினியில் பெட்டிகளின் அமைப்பைத் திறந்தால் ஐந்தும் மறுபடி முழு பவரில்.

"நான்தான் தம்பி கூட்டினேன்" என்றார் மையத்தைப் பார்த்துக்கொண்ட மூத்த தாதி. "நீங்க குறைச்சிட்டுப் போனீங்க, லைனே இல்லங்கிறாங்க."

"கூட்டினா இன்னும் கெட்டுப்போகும் சிஸ்டர். இதுல கை வைக்காதீங்க."

விளக்கினேன். தலையாட்டினார். குறைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் முறை போனபோதும் ஐந்தும் முழு பவரில். எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தனை தடவ சொல்றது சிஸ்டர்? சும்மா சும்மா மாத்தினா நான் எப்படி வேலை செய்றது?"

கூடத்தில் படுத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் "வாங்க" என்று முன்னால் நடந்தார். கூடத்தின் கோடியில், மருந்துச் சாமான் அறை என்று நான் நினைத்திருந்த கதவைத் திறந்தார். தொற்று உள்ளவர்களுக்கான தனி அறை. ஒரே கட்டில். என் வயதுக்காரர் ஒருவர் கைப்பேசியை நெஞ்சில் கவிழ்த்து வைத்துப் படுத்திருந்தார்.

"நீங்க குறைக்கிற அன்னைக்கெல்லாம் இவருக்கு மட்டும் சுத்தமா செத்துடுது. வெளியில இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க. இவரு நாலு மணி நேரம் சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கிறாரு. எந்தப் பெட்டி இவருக்குன்னு எனக்குத் தெரியல. அதான் எல்லாத்தையும் கூட்டினேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க இந்தப் பக்கமே வரலியே தம்பி."

"என்னால ரொம்ப தொல்லையா பாஸ்?" என்று கேட்டார் படுத்திருந்தவர். இல்லை என்றேன். இத்தனை நாளாக அந்தத் தாதியை மனத்துக்குள் திட்டியதெல்லாம் என்மேலேயே திரும்பியது. சுவரைத் தட்டிப் பார்த்தேன்; கனமான செங்கல் சுவர். கூடத்திலிருந்து எவ்வளவு கத்தினாலும் அரைகுறையாகத்தான் எட்டும். பெட்டிதான் உள்ளே வர வேண்டும்.

அவருடைய சிகிச்சை முடிந்து அறையைத் துடைக்கும்வரை காத்திருந்து, கம்பியை நீட்டி, ஒரு பெட்டியை அந்த அறையின் கூரைக்கு மாற்றினேன். ஐந்தையும் குறைந்த பவரில் வைத்தேன். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே உட்கார்ந்திருந்தவர் வீட்டுக்குப் போகாமல் உள்ளே வந்து, கட்டிலருகே நின்று மகளை அழைத்தார். மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ சண்டையை முழுவதும் சொல்லி முடித்தாள். அழைப்பு அறவில்லை.

குரல் உயர்த்தியதற்குத் தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நோயாளிக்கு ஊசி மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "சரி லா தம்பி. அந்த ஏணிய மொதல்ல வழியில இருந்து எடுங்க."