பங்களா சன்னல்களை எரித்த அடுப்பு

எஸ்டேட் ரைட்டர் மாதேஷின் வாயில் புத்னி என்ற பெயர் ஒருநாளும் வந்ததில்லை. "ஏ, வடக்கத்தி" என்பார். நான்கு வருடங்களுக்கு முன் ஜார்க்கண்டிலிருந்து கணவனோடு ஏற்காட்டுக்கு வந்தவள். செம்மநத்தம் பக்கத்துத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தாள், உரம் சுமந்தாள், தமிழை வசவிலிருந்து தொடங்கிக் கற்றாள். திட்டினால் திருப்பித் திட்டுவாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் அவளைப் பிடிக்காமல் போக அது போதாதா?

போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை கலைந்தது. இப்போது மறுபடியும் மூன்று மாதம். வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி. எத்தனை மாத்திரை விழுங்கியும் ஊறாத ரத்தம். சேலத்து டாக்டர் சந்தேகப்பட்டு ரத்தத்தைச் சோதித்ததில், காரீயம் முப்பத்தெட்டு என்று வந்தது. ஐந்தே அதிகமாம்.

"எதுலருந்து ஏறுதுன்னு பாத்து நிறுத்தோணும் கண்ணு. இல்லீன்னா இந்தப் புள்ளையும் தங்காது" என்றாள் லைனுக்கு வந்துபோகும் கிராம நர்ஸ் கவிதா.

மாதேஷ் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். "உச்சி வரைக்கும் அப்பிக்கிறியே செந்தூரம், அதுதான். உங்கூரு சீக்கைக் கொண்டாந்துட்டு எஸ்டேட்டச் சொல்லாத. பேசாம ரயிலேறிப் போ."

பக்கத்து வீட்டுக் கண்ணாயி சிரித்தாள். "நாங்களும் இதே தண்ணியத்தான் குடிக்கறம். எங்களுக்கு ஒண்ணும் வல்லீங்களே."

புத்னி வகிட்டைத் துடைத்தாள். வீடியோ காலில் வெறும் வகிட்டைப் பார்த்த மாமியார், மகன் செத்தானா என்று கத்தினாள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்துச் சோதித்தால் காரீயம் நாற்பத்தொன்று.

அன்றைக்குத்தான் கவிதா அவள் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தாள். அடுப்பில் பச்சைப் பெயிண்ட் அடித்த சட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் வீட்டிலெல்லாம் கேஸ். இங்கே முகவரிச் சான்று இல்லாத வடக்கத்திக் குடும்பங்களுக்கு விறகுதான். பழைய பங்களாவை லாட்ஜாக மாற்றியபோது பெயர்த்த சன்னல்களை, பெரிய தர்மம் போல மாதேஷ் அவர்களுக்குக் கொடுத்திருந்தார். மூடுபனிக் காலத்தில் காட்டு விறகு பற்றாது. இது குப்பென்று பற்றும்.

"பழைய பெயிண்ட்டுல காரீயம் இருக்கும் சாமி. எரிச்சா புகையில வரும், சாம்பல்லயும் தங்கும். பாத்திரம் எதுல தேய்க்கற?"

சாம்பலில்தான்.

சேதி பரவி லைனே வாசலில் கூடியது. வந்து பார்த்த மாதேஷ் ஒப்பவில்லை. "அத்தனையும் தேக்கு. சும்மா குடுத்தா இப்படித்தானுங்க பேசுவாங்க."

புத்னி அவரை விட்டுவிட்டுக் கண்ணாயியைப் பார்த்தாள். கேஸ் வீட்டில் சாம்பல் ஏது? புத்னியின் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறவள், வெள்ளிக்கிழமை தவறாமல் பின்பக்கமாக வந்து டப்பா நிறையச் சாம்பல் அள்ளிப் போகிறாள்.

"அக்கா செந்தூரம் வெக்கறதில்லீங்க. என் சாம்பல்ல பாத்திரம் தேய்க்கறாங்க. அவங்க ரத்தத்தப் பாருங்க."

எல்லார் முன்னாலும் போட்டு உடைத்ததில் கண்ணாயிக்கு முகம் செத்தது. இருந்தாலும் பயம் விடவில்லை, கையை நீட்டினாள். ரத்தம் சேலம் போய், பதினேழு என்று வந்தது.

"என்னையுங் கெடுத்துட்டியேடி பாவி" என்று அவள் பாய்ந்தது புத்னியின் மேல்தான்.

"மரத்தக் குடுத்தது நானா?"

மறுநாள் காலை வடக்கத்திப் பெண்கள் எட்டுப் பேர் மிச்சமிருந்த சட்டங்களைச் சுமந்து வந்து ஆபீஸ் வாசலை அடைத்தார்கள். பழம் செடியிலேயே பழுத்து உதிர்கிற வாரம்.

"உங்க மரம், நீங்களே வெச்சுக்குங்க ரைட்டரே. கேஸ் அடுப்பு வந்தாத்தான் பழம் பறிப்போம்."

"உன்னை வண்டியேத்தி அனுப்பறனா இல்லையா பாரு."

"அனுப்புங்க. சேலத்துல கலெக்டர் ஆபீஸ் எங்கிருக்குன்னு எனக்குத் தெரியும். டாக்டர் சீட்டு ரெண்டும் கையில இருக்குது. என்னுதும் அக்காதும்."

கண்ணாயி அவள் பக்கம் வந்து நிற்கவில்லை. ஆனால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். உள்ளூர்ப் பெண்களும் உட்கார்ந்தார்கள்.

நான்காம் நாள் அடுப்புகள் வந்தன. இறக்கிவைக்கும்போதும் மாதேஷ் திட்டிக்கொண்டேதான் இருந்தார். கண்ணாயி இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. காரீயம் மெதுவாகத்தான் இறங்கும் என்றார் டாக்டர். பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

போன தடவை கலைந்த ஐந்தாம் மாதத்தைத் தாண்டி ஆறு தொடங்கிவிட்டது. வயிற்றில் உதை விழுகிறது.