ஒரு முழம் தாராளம்

என் வீட்டுக்காரருக்குக் கயிற்றை அளந்து வாங்கும் பழக்கமே கிடையாது. மாடு கட்டும் கயிறோ, வைக்கோல் பாரத்தை இறுக்கும் கயிறோ, "ஒரு முழம் தாராளமா விடுங்க" என்பார். எங்கள் பாபநாசம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான். கயிறு பத்தாமல் வண்டியும் பாரமுமாக வரப்போரம் நின்றவர்களுக்குத்தான் அந்த ஒரு முழத்தின் அருமை தெரியும்.

கூடத்து மேற்கு ஜன்னலை ஒட்டி வயல். அறுவடை மெஷின் இறங்கினால் தூசி நேரே சோற்றுத் தட்டுக்கு வந்துவிடும். துணித் திரையைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போய், சுருட்டி ஏற்றும் பிளைண்ட்ஸ் மாட்டினோம். ஓரத்தில் வளையமாகத் தொங்கும் மணிச்சங்கிலியை இழுத்தால் ஏறும், இறங்கும். அந்தச் சங்கிலி ஒருநாள் அறுந்தது. இவர் தஞ்சாவூர் போய்ப் புதுச் சங்கிலி வாங்கி வந்து தானே கோத்து மாட்டினார். வளையம் தரையைத் தொட்டது.

"ஏங்க, இனிமே கூடம் கூட்ட விளக்கமாறே வேண்டாம் போல."

"சும்மா இரு. எட்டாம தவிக்கிறதுக்கு இது தேவல."

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குத் திருவையாற்றில் வேலை கிடைத்தது. தவழ்கிற பாப்பாவைப் பகலெல்லாம் என்னிடம் விட்டுப்போவதாகப் பேச்சு. மகன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாப்பாவுக்கு வீடு பழகட்டும் என்று, வேலையில் சேருவதற்கு முதல்நாளே அழைத்து வந்தாள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். பாப்பா ஜன்னலடிக்குத் தவழ்ந்துபோய் வளையத்துக்குள் தலையை விட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"பாரு பாரு, தனக்குத் தானே மாலை போட்டுக்கிச்சு!" என்றார் இவர். மூவரும் சிரித்தோம்.

பாப்பா திரும்பியது. சங்கிலி முறுக்கிக்கொண்டு தாடைக்கடியில் ஏறியது. தங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது. கீரையை வீசிவிட்டுப் பாய்ந்து தூக்கினாள். ஒரு கீறல்கூட இல்லை. மாலையைப் பிடுங்கிவிட்டார்களே என்றுதான் பாப்பா அழுதது.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. நான் வேலைக்கு வரலன்னு சொல்லிடறேன்."

நான் சிதறிய கீரையைப் பொறுக்க ஆரம்பித்தேன். இவர் சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டார். "ஏறு வண்டியில" என்றார் என்னிடம்.

தஞ்சாவூர்க் கடைக்காரர் சங்கிலியைக் கையில் பிடித்துப் பார்த்தார். "என்னண்ணே, ஜன்னலுக்குன்னு சொல்லி மாடு கட்டவா வாங்கிட்டுப் போனீங்க? குழந்தை வர்ற வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே!" வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

சங்கிலியை அளவாக வெட்டி, புது இணைப்பு ஒன்றைப் போட்டார். "இதுல பாரம் விழுந்தா தானா விட்டுக்கும். இந்தப் பிடியச் சுவத்துல திருகி, சங்கிலிய அதுல விறைப்பா மாட்டிடுங்க. தொங்கவே கூடாது. இருந்தாலும் ஜன்னலடியில கட்டில், நாற்காலி எதுவும் போடாதீங்க."

சாயங்காலம் இவர் பிடியைத் திருகி முடித்ததும் தங்கை எழுந்து வந்தாள். சங்கிலியின் இரண்டு இழைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். பட்டென்று இணைப்பு விட்டு, சங்கிலி அவள் கையோடு வந்தது.

"ஐயோ, போச்சே! இப்பதானே மாட்டினேன்!"

"அதுதான் வேணும், மாமா" என்றாள். "திருப்பி மாட்டுங்க."

அவர் மாட்டினார். அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நாளைக்கு வருவாளா, மாட்டாளா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

காலையில் வாசலில் செருப்புச் சத்தம். தங்கை உள்ளே வந்து முதலில் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் பாப்பாவை என் இடுப்பில் வைத்தாள். கைப்பையிலிருந்து தன் பழைய நூல்சேலையை எடுத்து நீட்டினாள்.

"தூளி இதுல கட்டுக்கா. என் வாசனை இருந்தா தூங்கிடுவா. ஜன்னல் பக்கம் வேண்டாம்."