பிகோனியாவுக்கு ஒரு பெயர்

அப்பா இறந்த செய்தி நிறோஷினி அக்காவுக்குப் பிந்தித்தான் கிடைத்தது. தாவரவியல் ஆராய்ச்சியாளரான அவள் அப்போது இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், சிக்னல் இல்லாத ஒரு மலையில் செடி சேகரித்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து போனைத் திறந்தபோது என் மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தனவாம். டென்மார்க்கில், ஹ்விடோவ்ரேயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. செத்தவீடு முடிந்த கையோடு கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

மலையில் பிடுங்கியவற்றில் ஒரு பிகோனியாச் செடி இருந்தது. ஈரப்பாறையில் ஒட்டி வளர்வது. அதுவரை யாரும் விவரித்து எழுதாதது. காய்ந்த பூவைக் கொதிநீரில் போட்டு இளக்கி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் இதழ் இதழாக அளந்தாள். குளிர்காலம் அப்படியே போனது. எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஓம், போகுது" என்பாள்.

கட்டுரை முடிந்து பெயர் மட்டும் மிச்சமிருந்தது. அப்பாவின் பெயரை லத்தீன் வழக்கப்படி வைக்க விரும்பினாள்: பிகோனியா ராசரத்னமி. அப்பா போனபிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். ஆனால் அம்மா சம்மதிக்க வேண்டும்.

அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால்கூட அவருடைய மஞ்சள் சுகாதார அட்டையைத்தான் நீட்டுவாள்.

"பூவுக்கு அந்தப் பேரை வைச்சா, ஆரும் கேக்கேக்க நான் என்னெண்டு பிள்ளை சொல்லுறது?"

"வாட்ஸ்அப்பில எழுதுங்கோ அம்மா" என்றேன்.

"எழுதினா என்ன, சொன்னா என்ன. நீ சும்மா இரு தம்பி."

அக்கா முகம் மாறாமல், "அப்ப விடுங்கோ. இலையில மயிர் இருக்கு. அதையே பேராக்கிறன்" என்றாள்.

"வடிவாயிருக்கும். என்ர மகள் மயிர்ப்பூ கண்டுபிடிச்சவள் எண்டு கோயிலில சொல்லுறன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா லாப்டொப்பைத் திறந்து பெயரை மாற்றினாள். கட்டுரையை அனுப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா குசினிக்குள் போய், அடுப்படியில் நின்றபடி விபோர்க் நகரில் இருக்கும் ராசமலர் சித்திக்குப் போன் எடுத்தாள். மரக்கறி விலை, முழங்கால் நோ எல்லாம் கதைத்தாள். பிறகு, "பிள்ளை ஒரு பூ கண்டுபிடிச்சிருக்கு" என்றாள். சித்தி ஏதோ கேட்டிருக்க வேண்டும். அம்மா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"பேரோ? அவற்ற பேர்தான். வேற ஆற்ற பேர்?"

அது காதில் விழுந்ததும் அக்கா அப்பாவின் பெயரைத் திரும்ப எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து, அனுப்பினாள். பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு இருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

குசினியில் அம்மா, அந்தப் பூ என்ன நிறம் என்று சித்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.