இரண்டாவது வயலின்

என் தங்கச்சி ஜெர்மனிக்கு இசை படிக்கப் போன முதல் வாரத்தில் கண்டுபிடித்த விஷயம், அங்கே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வயலின் வாசிக்கக் கூடாது என்பது. கீழ்வீட்டுக்காரர் அவள் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனாராம். “ஞாயித்துக்கெழமன்னா அங்க ஊரே கம்முனு இருக்குமாம்ல” என்று கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டு அம்மா எல்லோரிடமும் சொன்னாள். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

போவதற்கு நாங்கள் இரண்டு பேரும்தான் எழுதிப் போட்டிருந்தோம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு உள்ளறையில், ஒரே மத்தியானத்தில், ஒரே போனில் வீடியோ எடுத்து அனுப்பினோம். பழனி ரோட்டில் லாரிச் சத்தம் ஓயும் நேரம் பார்த்து அவள் நாலு தடவை வாசித்தாள், நான் ஆறு தடவை. அவளைக் கூப்பிட்டார்கள். எனக்கு மூன்று வரியில் நன்றி சொல்லி மெயில் வந்தது. அவளைவிட நான் மூன்று வயது மூத்தவள். வயலினைத் தோளில் எப்படி வைக்க வேண்டும் என்று சர்ச்சில் முதலில் கற்றுக்கொண்டவளும் நான்தான்.

அவள் தினமும் ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்து வயலின் தந்தியை முறுக்கும் பிருடைகள் தானாக அவிழ்கின்றன. சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்சை வைத்துப் பெட்டிக்குள் போட்டால் சரியாகிவிடுகிறது. துணி துவைக்கும் மிஷினுக்குப் பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும். காலேஜில் வாசித்துப் பழகத் தனி அறை உண்டு, கதவைச் சாத்தினால் தன் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

நான் சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் இருந்தபோது அவளே கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, நாலு பேர் சேந்து வாசிக்கிற கிளாஸ்ல என்னை ரெண்டாவது வயலின்ல போட்டுட்டாங்க.”

“அதுக்கென்ன?”

“முடியலக்கா. ஒண்ணு நான் முந்திப் போயிடுறேன், இல்லாட்டி பிந்திடுறேன். உனக்கு மத்தவங்க வாசிக்கிறது காதுல விழுதா இல்லையான்னு வாத்தியாரம்மா கேட்டுட்டாங்க. அம்புட்டு பேர் முன்னாடி. சர்ச்சுல நீதான எப்பவும் ரெண்டாவது வாசிப்ப. எப்படிக்கா வாசிச்ச?”

எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதை மறைக்க இப்போது எனக்கு ஆசையில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க, என் தங்கச்சி அழுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

“போகப் போகப் பழகிரும்டி. பஸ்ல ஒண்ணும் கேக்கல, வைக்கிறேன்” என்றேன். பஸ் அப்போது டீக்கடை முன்னால் நின்றிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் கேட்டது.

அடுத்த மூன்று நாளும் அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. நாலாம் நாள் அம்மா தன் போனைக் கொண்டுவந்து என் காதருகே நீட்டினாள். “சின்னவ சரியாச் சாப்பிடலையாம். உன்கிட்ட ஏதோ கேட்டாளாமே, சொல்லித் தொலையேன்டி.”

கையில் வெங்காயம் உரித்த ஈரம். துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

“நோட்டைப் பாக்காத” என்றேன். “அதை மனப்பாடம் பண்ணிரு. முதல் வயலின் வாசிக்கிறவளோட வலது தோள்பட்டையப் பாரு. வில் அசையுறதுக்கு முன்னாடி தோள் அசையும். அவ மூச்சு இழுக்குறப்ப நீயும் இழு. அவ அவசரப்படுறது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்.”

“இதெல்லாம் யாருக்கா சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லிக்குடுக்கல. பன்னெண்டு வருசமா உன் தோள்பட்டையத்தான பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நான் உன்னைத் திரும்பிப் பாத்ததே இல்லியேக்கா” என்றாள். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு மறுபடி வெங்காயம் உரிக்கப் போனேன்.

ஒரு மாதம் கழித்து, அவர்கள் நாலு பேரும் மேடையில் வாசித்த வீடியோ வந்தது. அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு ஒட்டன்சத்திரத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நான் என் அறைக்குள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டாவது வயலினை மட்டும் கேட்டேன். குறை தேடித்தான் கேட்டேன். இரண்டு இடத்தில் சுருதி லேசாக இறங்கியது. மற்றபடி நன்றாக இருந்தது. முதல் வயலின்காரி ஓரிடத்தில் தடுமாறியபோது இவள் அரை நொடி தாமதித்து அவளைச் சேர்த்துக்கொண்டு போனாள். சர்ச்சில் எத்தனையோ தடவை நான் அவளுக்குச் செய்தது அது. என்னிடம் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்த அந்த ஒன்றும் அவளிடம் போய்விட்டது. நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

சாயங்காலம் கூப்பிட்டாள். “வாத்தியாரம்மா கேட்டாங்க, இதை எங்க படிச்சன்னு. எங்கக்கா சொன்னான்னேன். அவளை ஏன் வரச் சொல்லலன்னு கேட்டாங்க. அடுத்த வருசம் மறுபடி எழுதிப் போடுக்கா.”

“பொறாமையா இருக்குடி எனக்கு” என்றேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

“இப்பவுமா?”

“இப்ப இன்னும் கூடத்தான் இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “சரி, அதோடயே எழுதிப் போடு” என்றாள். என்ன வாசிக்கலாம் என்று அன்று ஒரு மணி நேரம் பேசினோம். பாதிக்கு மேல் சண்டைதான்.