நடுவில் பதினாறு பக்கம் இல்லை

பைண்டிங் பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் கழுகுக்கண்ணு. தைத்து முடித்த புத்தகத்தைக் கட்டைவிரலால் சர்ரென்று ஒரு ஓட்டு ஓட்டினால் போதும். பக்கம் குறைகிறதா, தலைகீழாகச் சேர்த்திருக்கிறதா, மை அப்பியிருக்கிறதா என்று பட்டென்று சொல்லிவிடுவாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால்தான் திருதிருவென்று முழிப்பாள். வேலை அப்படி. படிக்க உட்கார்ந்தால் புத்தகம் மலையாகக் குவிந்துவிடும்.

கோடை விடுமுறை என்றாலே அவளுக்குப் பயம். போன வருஷம் லீவு முழுக்கப் புத்தகத்தைத் தொடாத மூத்த மகள், பள்ளி திறந்ததும் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கத் திணறினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று அவள் அழுத அழுகை அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வருஷமும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று கெஞ்சினாள், மிரட்டினாள், டிவி வயரைக்கூடப் பிடுங்கி வைத்தாள். இரண்டு பெண்களும் அசைந்து கொடுத்தால்தானே!

கடைசியில் பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு கதைப் புத்தகத்தை மேனேஜரிடம் கேட்டு வாங்கி வந்தாள். நடுவில் ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக மடித்துத் தைக்கும் பதினாறு பக்கம், விட்டுப்போயிருந்தது. எப்படியும் படிக்கப் போவதில்லை, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை விட்டு வந்தால் வீட்டில் ஒரே ரகளை. கதையில் கப்பலேறிய திருடன், பக்கம் விட்டுப்போன இடத்தைத் தாண்டியதும் ஒரு தீவில் காலில் கட்டோடு ராஜாவாக உட்கார்ந்திருக்கிறான்.

"கப்பல் கவுந்துருச்சு, நீந்திப் போயிட்டான்" என்றாள் மூத்தவள்.

"போக்கா! அப்ப கால்ல ஏன் கட்டு? திரும்பப் படி!" என்றாள் சின்னவள்.

முன்னும் பின்னும் புரட்டி, வாய்விட்டு வாசித்து வாசித்துச் சண்டை போட்டார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, பிள்ளைகளுக்குப் போய் ஓட்டைப் புத்தகமா என்று மனசும் கேட்கவில்லை. நல்லதாக ஒன்று வாங்கி வந்தாள். சின்னவள் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல எல்லாமே இருக்கேம்மா."

இன்னொரு ஓட்டைப் புத்தகம் கிடைக்குமா என்று பார்த்தால், பட்டறையில் அதற்கப்புறம் கழிவே விழவில்லை. "உன் கண்ணுக்குப் பயந்துதான் தப்பே வர மாட்டேங்குது" என்று மேனேஜர் மெச்சினார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் விளையாடப் போன நேரம், அந்த நல்ல புத்தகத்தை எடுத்து, நடுவில் விரித்து, பிளேடால் தையலை வெட்டி ஒரு ஃபாரத்தை உருவினாள். சோறு போடுகிற தொழிலுக்கே துரோகம் செய்வது போல நெஞ்சு உறுத்தியது. பக்கங்களை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளிக்கப் போனவள் கண்ணில் ஒரு வரி பட்டது. பூட்டிய அறைக்குள் ஒரு பெண் கரண்டியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நின்றபடியே அத்தனையும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் சுவர் உடைகிறது. அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். அத்துடன் சரி.

சாயங்காலம் பெண்கள் அதே புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய்ப் போய் நின்றாள். பொறுக்க முடியவில்லை.

"யாருடி அவளைப் பூட்டி வெச்சது?"

இரண்டு தலைகளும் நிமிர்ந்தன.

"பூட்டி வெச்சாங்களா? உனக்கு எப்படிம்மா தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி மறைத்துப் பயனில்லை.

"நடுவுல உள்ளது என்கிட்ட இருக்கு. அதைத் தரணும்னா, மொதல்லேருந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க. எனக்கு ஒண்ணுமே புரியல."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு மூத்தவள் முதல் பக்கத்தைத் திருப்பிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். ஓரிடத்தில் திணறி நின்றாள், பயத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. "அப்புறம்?" என்றாள்.